விரதம் ஒன்று, விதம் ஐந்து!

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு 365 நாட்கள். நாளுக்கு ஒரு படி என்று பக்தர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகையன்று அந்தப் படிகளில் கால் வைக்க இடம் இராது. சரவணப் பொய்கையில் முழுகி, மஞ்சள் ஆடை உடுத்தி, தோளில் பூக்காவடி சுமந்து ஜனங்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். அரக்கோணம், சோளிங்கர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களோடு எல்லைக்கு அப்பாலிருந்து நகரி, புத்தூர், சித்தூர்க்காரர்களும் கலந்து வருவார்கள். பேச்சு இரண்டு பாஷை, "அரோகரா!" மட்டும் ஒன்றே.

அவர்களில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "சாப்பிட்டாயிற்றா?" என்று கேளுங்கள். "இன்றைக்கு விரதமாயிற்றே!" என்பார்கள். எல்லோர் வாயிலும் அதே சொல். ஆனால் அந்தச் சொல்லுக்கு உள்ளே எத்தனை விதம் இருக்கிறது, தெரியுமா?

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். படியேறும் கூட்டத்தில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு. தகப்பனாருக்கு வயது 45. தோளில் காவடி. சாமி கும்பிடும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அவர் வைராக்கியம். அவருடைய மனைவி பாலும் பழமும் மட்டும் சாப்பிடுகிறார். கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு பொழுது. மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். கூட வந்த அத்தை அரிசிச் சோறு தொடமாட்டார், பலகாரத்தோடு சரி. எல்லோருக்கும் மூத்தவர் ஆயா, 68 வயது. அவர் ஆகாரமே தொடுவதில்லை. தண்ணீர் மட்டும் குடிப்பார்.

பாதி மலை ஏறியதும் பேரன் கேட்கிறான்:

"ஆயா, சக்கர மாத்திரை போட்டியா?"

"விடிகாலையிலேயே ஒரு முழுங்கு தண்ணியோட போட்டுட்டேன்டா கண்ணு. மாத்திரைய விடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு இல்ல?"

"அதுக்கு மேல ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"கிருத்திகையும் அதுவுமா சாப்பாடா! முருகன் பாத்துக்குவான். நீ ஏறு."

ஒரே குடும்பம், ஒரே நாள், ஒரே சாமி. ஆனால் ஐந்து பேருடைய உடம்புக்குள்ளும் நடப்பது ஐந்து விதம். விரதத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் உடம்புக்கு அது தெரியாது. சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, தண்ணீர் எவ்வளவு போயிற்று, என்ன மருந்து உள்ளே இருக்கிறது - இந்த மூன்றும்தான் உடம்புக்குத் தெரிந்த கணக்கு. இந்தக் கணக்குப்படி, அந்தப் படிகளில் மிகுந்த அபாயத்தில் இருப்பவர் யார்? காவடி தூக்கி, தண்ணீரும் குடிக்காமல் ஏறும் தகப்பனார் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அல்ல, ஆயாதான்!

உடம்பின் குதிர்கள்

விவசாயி வீட்டில் தானியத்தைப் பல இடத்தில் சேர்த்து வைப்பதுபோல, உடம்பும் தன் உணவைப் பல இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறது.

சாப்பிட்ட நாலைந்து மணி நேரத்துக்கு அந்தச் சாப்பாட்டின் சர்க்கரையே இரத்தத்தில் ஓடுகிறது. அது குறைந்ததும் ஈரல் தன் குதிரைத் திறக்கிறது. ஈரலில் சுமார் 100 கிராம் மாச்சத்து சேமிப்பாக இருக்கும். மூளை ஒன்றுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை வேண்டும். ஆகவே இந்தக் குதிர் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தாங்கினாலே பெரிது.

அதற்குப் பிறகு பெரிய குதிர் திறக்கிறது. அதுதான் கொழுப்பு. சாதாரண உடம்புள்ளவரிடத்திலும் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கும். ஈரல் இந்தக் கொழுப்பை உடைத்துக் 'கீட்டோன்' என்ற எரிபொருளாக மாற்றுகிறது. நீண்ட பட்டினியில் மூளையே இந்தக் கீட்டோனை எரித்து வேலை செய்யப் பழகிக்கொள்கிறது என்பதை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் காஹில் குழுவினர் 1967ல் எடுத்துக் காட்டினார்கள்.

கொழுப்பு மட்டுமா கரைகிறது? அதுதான் இல்லை. ஆரம்ப நாட்களில் மூளைக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்வதற்காகத் தசையின் புரதமும் கரைகிறது. நாளுக்குச் சுமார் 75 கிராம் என்பது காஹில் சொன்ன கணக்கு. நாளாக ஆக இது குறைந்துவிடும். "இரண்டு நாள் பட்டினி கிடந்தேன், இரண்டு கிலோ குறைந்துவிட்டேன்!" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு கிலோவில் பெரும் பகுதி வெறும் தண்ணீரும் உப்பும். மறுநாள் சாப்பிட்டதும் வந்த வழியே திரும்பி வந்துவிடும்.

ஒரு நாள் விரதம் என்பது பெரும்பாலும் ஈரல் குதிரோடு முடிந்துவிடுகிற விவகாரம். நல்ல தேக திடம் உள்ளவரை அது ஒன்றும் செய்யாது. கொஞ்சம் சோர்வு வரும், கொஞ்சம் எரிச்சல் வரும். தலைவலியும் வரலாம். அந்தத் தலைவலிக்குப் பல வீடுகளில் காரணம் பட்டினி அல்ல, காபி! தினம் இரண்டு வேளை காபி குடித்துப் பழகியவர் ஒரு நாள் நிறுத்தினால், 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தலையை இடிக்க ஆரம்பிக்கும். விரதத்துக்கு நாலு நாள் முன்பிருந்தே காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

முதல் எதிரி பசி அல்ல, தாகம்!

இப்போது தகப்பனாரின் விரதத்தைப் பார்ப்போம். தண்ணீரும் குடிக்காத இந்த விரதத்துக்கு 'நிர்ஜல உபவாசம்' என்று பெயர். ஐந்து விதத்தில் திடமான உடம்பையும் அசைத்துவிடக் கூடியது இது ஒன்றுதான்.

சாப்பாடு இல்லாமல் மனிதன் வாரக்கணக்கில் இருக்க முடியும். தண்ணீர் இல்லாமல் சில நாட்களுக்கு மேல் முடியாது. வெயிலில் பாடுபடும் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வேர்வை போகலாம். வேர்வையோடு உப்பும் போகிறது. போதாக்குறைக்கு, பட்டினியின் முதல் நாட்களில் சிறுநீர் வழியாகவும் உப்பு அதிகமாக வெளியேறுகிறது. உப்பும் நீரும் குறைந்தால் இரத்த அழுத்தம் இறங்கும். வரிசையில் வெகு நேரம் நின்றவர், அல்லது உட்கார்ந்து திடீரென்று எழுந்தவர், கண் இருட்டிக் கீழே விழுவது இதனால்தான். படிக்கட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

முஸ்லிம்கள் ரம்ஜான் நோன்பிலும் தண்ணீர் குடிப்பதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் விடிவதற்கு முன் சஹர் உணவு உண்டு, வேண்டிய தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நோன்பைத் தொடங்குகிறார்கள். சூரியன் அஸ்தமித்ததும் நோன்பு திறக்கிறார்கள். நம் தகப்பனாரோ முதல் நாள் பரணியன்று இரவோடு தண்ணீரையும் நிறுத்திவிட்டார். தூக்கத்தில் எட்டு மணி, பிரயாணத்தில் இரண்டு மணி, வரிசையில் நாலு மணி, அதன் மேல் மலையேற்றம்! அவருக்கு வைத்தியர்கள் சொல்லக்கூடியது இதுதான்: வைராக்கியம் இருக்கட்டும், படியேறுவதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்ல. சமயபுரத்தில் மாரியம்மனே பக்தர்களுக்காக 28 நாள் 'பச்சைப் பட்டினி விரதம்' இருப்பதாக ஐதீகம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கிப் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை அந்த நாட்களில் அம்மனுக்கு வழக்கமான தளிகை கிடையாது. துள்ளுமாவும் இளநீரும் பானகமும் நீர்மோரும்தான் நைவேத்தியம். வெயில் காலத்தில் விரதம் இருக்கும் உடம்புக்கு எது வேண்டும் என்று கேட்டால், இன்றைய வைத்தியரும் ஏறக்குறைய இந்தப் பட்டியலைத்தான் கொடுப்பார். நீர்மோரில் உப்பும் நீரும். பானகத்தில் வெல்லமும் நீரும்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்த தண்ணீரைக் குடல் வேகமாக உறிஞ்சுகிறது என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. 1971ல் வங்காள தேசத்து அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார். நீர்மோர்ப் பந்தலில் ஒரு தம்ளர் வாங்கிக் குடிப்பது விரதத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

ஒரு பொழுதும் புது மோஸ்தரும்

மகன் இருப்பது ஒரு பொழுது. எல்லைக்கு அப்பால் தெலுங்கர்கள் இதையே 'ஒக்கபொத்து' என்கிறார்கள். சொல்லும் பொருளும் ஒன்றுதான்.

இந்தப் பழைய வழக்கம் இன்று மேல்நாட்டிலிருந்து புது மோஸ்தராகத் திரும்பி வந்திருக்கிறது. நாளில் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு, பாக்கி 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவது ஒரு விதம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைப் பட்டினி கிடப்பது மற்றொரு விதம். உடம்பு இளைக்கும், சர்க்கரை குறையும், ஆயுள் கூடும் என்றெல்லாம் சொல்லப்படுகிறது. உண்மை என்ன?

2017ல் சிகாகோ நகரத்து ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. பருமனான 100 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விரதம். இன்னொரு பிரிவினர் தினமும் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டார்கள். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், விரதக்காரர்கள் எடையில் நூற்றுக்கு 6 பங்கு குறைந்திருந்தார்கள். குறைத்துச் சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு 5.3 பங்கு. இது பெரிய வித்தியாசமே அல்ல.

2022ல் சீனாவின் குவாங்சௌ நகரத்தில் 139 பேரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் உணவின் அளவு குறைக்கப்பட்டது. பாதிப் பேர் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டார்கள். வருஷக் கடைசியில் இவர்கள் குறைந்தது 8 கிலோ. நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் குறைந்தது 6.3 கிலோ. கணித முறைப்படி இதுவும் நிச்சயமான வித்தியாசம் அல்ல என்றே ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்தார்கள்.

ஆக, கடிகாரத்தில் மந்திரம் இல்லை. குறைவாகச் சாப்பிட்டால் எடை குறைகிறது. விரதம் அதற்கு ஒரு வழி. சிலருக்கு அது சுலபமான வழியாகவும் இருக்கிறது. முன்பு உண்டது செரித்த பிறகு, அளவறிந்து உண்ணவேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் சொல்லும் கட்டுப்பாட்டை ஒரு பொழுது பழக்கிக் கொடுக்கிறது. திடமான இளைஞனுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஒரே வேளைதானே என்று அந்த வேளையில் மூன்று வேளைச் சோற்றையும் அடுக்கிவிட்டால், விரதம் கணக்கில் வராது.

விரதம் இருந்தால் உடம்பு தன் கழிவுகளைத் தானே தின்று சுத்தமாகும், நோய் எல்லாம் ஓடிப்போகும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2016ல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி நோபல் பரிசு பெற்றது உண்மை. பட்டினி போட்ட ஈஸ்ட் செல்கள் தம்முள் இருக்கும் பழைய பகுதிகளை எப்படி உடைத்து மறுபடி உபயோகிக்கின்றன என்பதைக் கண்டுபிடித்ததற்காக அது வழங்கப்பட்டது. அவர் சோதித்தது ஈஸ்டை, ஆயாவை அல்ல. "இத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தால் இன்ன நோய் தீரும்" என்று அந்தப் பரிசு யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

பலாகாரம் பலகாரம் ஆன கதை

அத்தையின் விரதத்தைச் சிரித்துக்கொண்டேதான் பார்க்கவேண்டும். 'பலம்' என்றால் வடமொழியில் பழம். பழத்தை ஆகாரமாகக் கொள்வது 'பலாகாரம்'. விரத நாளில் சோற்றை விட்டுப் பழம் சாப்பிடுவதுதான் அதன் ஆதிப் பொருள். அந்தப் பலாகாரம் தமிழ்நாட்டுச் சமையலறைக்குள் நுழைந்து பலகாரம் ஆயிற்று. பழம் இருந்த இடத்தில் இட்லி வந்தது, உப்புமா வந்தது, வடையும் கேசரியும் வந்தன. "சோறு தொடவில்லை, இரண்டு வடையும் ஒரு கரண்டி கேசரியும்தான்" என்பவரிடம் உடம்பு சொல்லும்: "நான் விரதம் இருந்த மாதிரியே தெரியவில்லையே!" எண்ணெயும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த அந்தத் தட்டு, ஒரு வேளைச் சோற்றைவிடக் கனமானது.

பால் பழ விரதம் இருக்கும் மனைவியின் நிலை இதைவிட மேல். நீர் கிடைக்கிறது, கொஞ்சம் புரதம் கிடைக்கிறது, வயிறும் லேசாகிறது. ஆரோக்கியமானவருக்கு இதுவே சௌகரியமான விரதம். ஆனால் நீரிழிவு உள்ளவர் நாள் முழுவதும் வாழைப்பழமும் மாம்பழமும் சர்க்கரை போட்ட பாலுமாக இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை இறங்குவதற்குப் பதில் ஏறிவிடும்.

எல்லை ஊரும் நெடும் பட்டினியும்

உண்ணாவிரதத்துக்கும் திருத்தணிக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. தனி ஆந்திர மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 1952 அக்டோபர் 19ந் தேதி உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15ந் தேதி இரவு உயிர் துறந்தார். மொத்தம் 58 நாட்கள். 1953 அக்டோபர் 1ந் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அதில் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1ந் தேதிதான் ஊர் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இதற்கிடையே 1956ல், 'தமிழ்நாடு' என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர் நீத்தார். 1981ல் வட அயர்லாந்துச் சிறையில் பட்டினிப் போராட்டம் நடத்தி மாண்ட 10 பேரும் 46 நாள் முதல் 73 நாள் வரை தாங்கினார்கள். தண்ணீர் இருந்தால் மனித உடம்பு சுமார் இரண்டு மாதம் தாங்கும் என்பது இப்படிப் பல உயிர்களை விலையாகக் கொடுத்துத் தெரிந்த கணக்கு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் 1965லும் 1966லுமாக, ஆங்கஸ் பார்பியேரி என்ற இளைஞர் 382 நாள் சாப்பிடாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு இறங்கினார். அவ்வளவு பெரிய கொழுப்புக் குதிர் அவரிடம் இருந்தது! அதோடு, டண்டீ நகரத்து வைத்தியர்கள் அவருக்கு வைட்டமின்களும் உப்புச் சத்துக்களும் கொடுத்து, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் யாரும் பார்த்துச் செய்யக்கூடிய காரியம் அல்ல அது.

ஐப்பசியில் வரும் கந்தசஷ்டி விரதம் ஆறு நாள். போரில் சூரனை வென்ற முருகன் கோபம் தணிந்து அமர்ந்த இடம் தணிகை என்பதால், மற்றத் தலங்களைப்போல் இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, சஷ்டியன்று புஷ்பாஞ்சலிதான். ஆனால் பக்தர்களின் விரதம் எங்கும்போலத்தான். ஆறு நாளும் ஒரு பொழுது இருப்பவர்கள் உண்டு. இளநீர் மட்டும் குடிப்பவர்கள் உண்டு. முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு என்று மிளகும் தண்ணீருமாகக் கழிப்பவர்களும் உண்டு. இலங்கைத் தமிழர்களிடையேயும் இந்தக் கடுமையான விரதம் பிரசித்தம்.

இத்தகைய விரதத்தில் அபாயமான நாள் ஆறாம் நாள் அல்ல, ஏழாம் நாள்! இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது, சிறை முகாம்களில் பட்டினி கிடந்தவர்களுக்கு வயிறாரச் சோறு போட்டார்கள். அப்படிச் சாப்பிட்ட பலர் இறந்துபோனார்கள். நெடும் பட்டினிக்குப் பின் திடீரென்று மாவும் சர்க்கரையும் உள்ளே போனால், இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற சத்துக்கள் செல்களுக்குள் பாய்ந்துவிடுகின்றன. இரத்தத்தில் அவை வற்றிப்போய் இருதயம் தடுமாறுகிறது. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர் எவரும், முக்கியமாக மெலிந்த உடம்புள்ளவர், இதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் விருந்து முதலிடம் பெறுவதில்லை. அகத்திக் கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும்தான் முக்கியம். ஒரு நாள் விரதத்துக்கே இவ்வளவு பக்குவம் என்றால், ஆறு நாள் விரதத்தை வடை பாயசத்தோடு முடிக்கலாமா? முதலில் நீர்த்த கஞ்சி. பிறகு கொஞ்சம் குழைந்த சோறு. விருந்து இரண்டு மூன்று நாள் கழித்து. அதுதான் முறை.

ஆயாவின் மாத்திரை

இனி ஆயாவிடம் வருவோம்.

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11.4 பேர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் கிராமத்து வீட்டு வாசலுக்கே வருகின்றன. படியேறும் கூட்டத்தில் மடியில் மாத்திரை முடிந்திருப்பவர் ஆயா ஒருவர் மட்டும் அல்ல.

நீரிழிவு மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் அப்படி அல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். 'கிளிபிளோசின்' என்று முடியும் பெயருள்ள புது மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றுபவை. பட்டினியோடு அவை சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றும். கீட்டோன் அளவு மீறவும் கூடும். ஆயா விழுங்கியது இவற்றில் எது? அவருக்குத் தெரியாது. "வெள்ளை மாத்திரை" என்பார்.

வைத்தியர் "மாத்திரையை விடாதே" என்றார். சாப்பாட்டை விடுவாள் என்று அவர் நினைக்கவில்லை. சாஸ்திரம் "விரதம் இரு" என்றது. வயிற்றில் மாத்திரை இருக்கும் என்று அதற்குத் தெரியாது. இரண்டு நல்ல வார்த்தைகளுக்கு நடுவில் ஆயா அகப்பட்டுக்கொண்டாள்.

இந்த அபாயம் எவ்வளவு பெரிது? 2001ல் 13 நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவுக்காரர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக வரும் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியது மற்ற மாதங்களைவிட ரம்ஜான் மாதத்தில் ஏழரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இஸ்லாம் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. ஆனாலும் பக்தியால் பெரும்பாலோர் நோன்பு நோற்றார்கள். பிறகு உலக நீரிழிவு நிபுணர்கள் ரம்ஜானுக்கென்றே விதிமுறைகள் வகுத்தார்கள். நோன்புக்கு முன்கூட்டியே வைத்தியரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை முடித்துவிட வேண்டும். இந்த விதி பாஷை பார்ப்பதில்லை, மதம் பார்ப்பதில்லை. கிருத்திகைக்கும் ஏகாதசிக்கும் கிறிஸ்தவர்களின் தவக் காலத்துக்கும் இதுவே பொருந்தும்.

அருளா, ஆபத்தா?

சர்க்கரை இறங்கும்போது உடம்பு எப்படி அறிவிக்கும்? வேர்த்துக் கொட்டும். கை கால் நடுங்கும். நெஞ்சு படபடக்கும். பேச்சு குழறும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். கண் ஒரு மாதிரி நிலைகுத்தும்.

காவடிச் சிந்தும் உடுக்கையும் அரோகராவுமாக இருக்கும் மலைப் படியில், ஒரு மூதாட்டி இப்படி நடுங்கினால் சுற்றி நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஆயாவுக்கு அருள் வந்துவிட்டது!" என்று விபூதி போடுவார்கள், கற்பூரம் காட்டுவார்கள். அருள் வருவதைப் பற்றி இங்கே வாதம் வேண்டாம். அது வருகிறவர்க்கு வரட்டும். ஆனால் சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பட்டினியாக இருப்பவருக்கு இந்த நடுக்கம் வந்தால், விபூதி பூசும் கையே மறு கையால் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கவேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது ஒரு கட்டி வெல்லம், அல்லது ஒரு தம்ளர் பானகம். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் ஏதாவது ஆகாரம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குச் சொல்லவேண்டும்.

மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெடும் என்று, மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இது மறு கோடித் தப்பு. இரத்த அழுத்த மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் இப்படித் திடீரென்று விட்டவர்கள் பட்ட அவஸ்தையை ஆஸ்பத்திரிகளில் கேட்டால் தெரியும்.

இவர்களுக்குச் சாஸ்திரமே பதில் சொல்லியிருக்கிறது. விரதத்தைக் கெடுக்காத பொருள்கள் எட்டு என்று தர்ம சாஸ்திரம் கணக்கிடுகிறது. அந்த எட்டில் தண்ணீர் இருக்கிறது, கிழங்கு இருக்கிறது, பழமும் பாலும் இருக்கின்றன. கடைசியில், சந்தேகத்துக்கே இடமில்லாமல், மருந்து இருக்கிறது. குருவின் வார்த்தையும் அந்த எட்டில் ஒன்று. உடம்பு விஷயத்தில் வைத்தியரும் ஒரு குருதானே!

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், தள்ளாத முதியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வயிற்றுப் புண்காரர்கள், இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் - இவர்கள் முழுப் பட்டினி இருக்கக்கூடாது. சிறுநீரில் கல் உண்டாகும் உடம்புக்காரர் தண்ணீர் இல்லாத விரதத்தை நினைக்கவே கூடாது. மற்றவர்கள் தத்தம் தேக நிலைக்குத் தக்க விதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஐந்து விதம் இருப்பதன் நன்மையே அதுதானே!

பாதிப் படியில் நின்ற குடும்பம் என்ன ஆயிற்று?

பேரன் புத்திசாலி. ஆயாவின் முந்தானை வேர்வையில் நனைந்திருப்பதைப் பார்த்தான். கையைப் பிடித்தான், சில்லென்று நடுங்கியது. படி ஓரத்தில் உட்கார வைத்து, பந்தலில் வாங்கிய பானகத்தை நீட்டினான்.

"விரதம்டா..." என்றாள் ஆயா, குழறிக்கொண்டே.

"பானகம் முருகனுக்கே நைவேத்தியம் பண்றதுதான், ஆயா. குடி."

குடித்தாள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் பாலும் உள்ளே போயிற்று. இதைப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனாரும் காவடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் ஒரு தம்ளர் நீர்மோர் வாங்கிக் குடித்தார்.

"இனிமே கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்னாடியே டாக்டரம்மாகிட்டப் போயி, அந்த வெள்ள மாத்திரய எப்படிப் போடணும்னு கேட்டுக்கலாம், ஆயா" என்றான் பேரன்.

"கேட்டுக்கலாம்டா. முதல்ல என்னைத் தூக்கி விடு. மேல முருகன் காத்துக்கிட்டு இருக்கான்."

பாக்கிப் படிகளில் ஐந்து பேரும் மெல்ல ஏறினார்கள்.